ஜிலேபி கெண்டையும் கல்லுப்பும்

ஏரியில் தூண்டில் போடும் நண்பர் ஒருவர் என் பேரனுக்கு நான்கு ஜிலேபி கெண்டைக் குஞ்சுகளைக் கொடுத்தார். இந்த மீன் கடல் நீரிலும் வாழும் என்று எப்போதோ படித்ததை நான் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். பையன் விடுவானா? லிட்டருக்கு 35 கிராம் என்று கடல் கணக்கில் கல்லுப்பைக் கரைத்து, இரண்டு குஞ்சுகளை விட்டான். இரவுக்குள் இரண்டும் செத்து மிதந்தன. "பொய் சொல்லிட்டீங்க தாத்தா" என்று அழுதான். எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் முதல் புத்தகங்களைப் புரட்டினேன்.

நான் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. ஆப்பிரிக்காவின் தென்கிழக்குக் கரையோர முகத்துவாரங்களைச் சேர்ந்த இந்த மீன் 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. இன்று பெங்களூர் ஏரிகளில் இது இல்லாத ஏரியைத் தேட வேண்டும். கடலைவிட உப்பான நீரையும் தாங்கும். ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும்.

மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு, கடல் நீரில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஏரியில் இருக்கும்போது உடம்பின் உப்பு வெளியே கசியும். செவுள் அதை நீரிலிருந்து திரும்பப் பிடிக்க வேண்டும். கடலில் நேர்மாறு. மீன் கடல் நீரைக் குடித்து, மிஞ்சிய உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது.

இதற்குச் செவுளில் தனி உயிரணுக்கள் உண்டு. அவற்றின் எஞ்சின் ஒரு புரதம். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியேற்றி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். டென்மார்க்கின் ஸ்கௌ 1957-ல் நண்டின் கால் நரம்பில் இதைக் கண்டறிந்தார். நோபல் பரிசு 1997-ல்தான் வந்தது. (நம் ரயில்வே பதவி உயர்வே பரவாயில்லை!) வேடிக்கை என்னவென்றால், ஏரியிலும் கடலிலும் இந்த எஞ்சின் ஒரே திசையில்தான் ஓடுகிறது. மாறுவது பாயிண்டுகள். ஏரியில், நீரைப் பார்த்த பக்கத்தில் உப்பை உள்ளே வாங்கும் புரதம் நிற்கிறது. கடலுக்குப் போனால் அது விலகி, ரத்தப் பக்கத்தில் வேறொன்றும், நீர்ப் பக்கத்தில் குளோரைடை வெளியே விடும் கதவு ஒன்றும் அமைகின்றன. அந்தக் கதவு நம் நுரையீரலிலும் உண்டு. அது பழுதானால் வருவதுதான் சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்ற நோய்.

புதிய புரதங்களைச் செய்து பொருத்தச் சில நாட்கள் பிடிக்கும். என் பேரன் பாயிண்ட் மாற்றுவதற்கு முன்பே வண்டியை விட்டுவிட்டான்.

இந்த அவகாசத்தை இயற்கையே தரும் இடம் பழவேற்காடு ஏரி. பொன்னேரியில் ரயிலிலிருந்து இறங்கிப் போகலாம். ஐப்பசி மழையில் ஆரணி ஆற்று வெள்ளம் ஏரி நீரை நன்னீராக்கிவிடும். கோடையில் மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால், வெயிலில் சுண்டி, கடலையும் மிஞ்சிய உப்பாகும். உப்பு படிப்படியாக ஏறுவதை மடவை தாங்கிக்கொள்ளும். ஆனால் மடவையும் இறாலும் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் ஏரிக்குள் வர வழி வேண்டும். வாய் அடைத்தால் செவுளின் சாமர்த்தியம் எதற்கு உதவும்? முகத்துவாரம் தூராமல் இருக்க வேண்டும் என்று அங்குள்ள மீனவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டது இதனால்தான்.

மிச்சமிருந்த இரண்டு குஞ்சுகளுக்கு இரண்டு நாளுக்கொருமுறை லிட்டருக்கு 5 கிராம் உப்பு கூட்டினோம். மூன்றாவது வாரம் தொட்டியில் முழுக் கடல் கணக்கு. இரண்டும் இட்லித் துணுக்குக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன.