வரவேற்பறையில் ஒரு துளிக் கடல்

வீட்டுத் தொட்டியில் பவளப்பாறை உலகத்தை உருவாக்கும் ஆசை நகரங்களில் பரவிவருகிறது. அதற்குப் பணத்தைவிடப் பொறுமைதான் அதிகம் செலவாகும். சட்டமும் குறுக்கே நிற்கிறது.

மும்பை கிராஃபோர்டு மார்க்கெட்டிலோ கொல்கத்தா காலிஃப் தெருவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலோ மீன் வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு ஜோடி தங்கமீனோடு திரும்பிவிடுவார்கள். வாஸ்துவில் நம்பிக்கை உள்ளவர்கள் அரோவானாவுக்கு விலை பேசுவார்கள். கடையின் கடைசி மூலையில் நீல விளக்கு எரியும் கடல்நீர்த் தொட்டியின் முன்னால் நின்றுவிடுகிறவர்கள் சிலர்தான். உள்ளே ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஆடி அசைந்து நீந்துகிறது. 2003ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்துக்குப் பிறகு நகரத்துக் குழந்தைகளுக்கு இந்த மீனை அறிமுகம் செய்யவேண்டியதே இல்லை. குழந்தை கையைப் பிடித்து இழுக்கிறது, அப்பா பர்ஸைத் திறக்கிறார். அன்று மாலையே தொட்டி, உப்பு, மீன் எல்லாம் ஒன்றாக வீட்டுக்கு வந்துவிடுகின்றன. பத்து நாளில் மீன் மிதக்கிறது.

மீனுக்கு வியாதி ஒன்றும் இல்லை. கடைக்காரர் ஏமாற்றியிருக்கவேண்டும் என்பதும் இல்லை. மீன் தன் கழிவிலேயே மூச்சு முட்டிச் செத்தது. மீனின் கழிவிலிருந்தும் மிச்சமான தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது கொடிய விஷம். பழகிய தொட்டியில் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். இது அவ்வளவு மோசமில்லை, வாரா வாரம் கொஞ்சம் தண்ணீரை மாற்றினால் போய்விடும். இந்தப் பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகிறது. அதுவரை தொட்டியில் மீன் கூடாது. காலித் தொட்டியில் துளி அமோனியாவோ ஒரு சிட்டிகை தீனியோ போட்டுவிட்டு, சோதனைத் திரவத்தைச் சொட்டுவிட்டு நிறம் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். ஒன்றரை மாதம் வெறும் தண்ணீரை வேடிக்கை பார்ப்பது எத்தனை பேரால் முடியும்? இந்தப் பொழுதுபோக்கில் தோற்பவர்களில் பாதிப்பேர் இந்த முதல் படியிலேயே வழுக்கி விழுகிறவர்கள்.

தண்ணீரும் லேசான விஷயமல்ல. வீட்டு வாசலிலேயே கடல் இருக்கிறதே என்று மும்பைவாசி குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால் சாக்கடை கலந்த நீர்தான் கிடைக்கும். மழைக்காலத்தில் அதில் உப்பும் குறைந்துவிடும். சமையல் உப்பைக் கரைப்பது அதைவிட ஆபத்தானது. கடல் உப்பில் சோடியமும் குளோரைடும் சுமார் 85 சதவீதம்தான். மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் மிச்சத்தில் இருக்கின்றன. பவளத்துக்கு உயிர் கொடுப்பவை அவைதான். அதனால் இதற்கென்றே விற்கும் செயற்கைக் கடல் உப்பை, ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டிய தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம் கரைக்கிறார்கள். இரண்டடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட தொட்டியில் கல்லும் மணலும் போக சுமார் 100 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதற்கு மூன்றரைக் கிலோ உப்பு வேண்டும். அளவைப் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் என்ற சிறு கருவி இருக்கிறது. அதில் ஒப்படர்த்தி 1.025 அல்லது 1.026 காட்டவேண்டும்.

சின்னத் தொட்டிதானே, சுலபமாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. உண்மை தலைகீழ். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. கோடையில் 100 லிட்டர் தொட்டியிலிருந்து தினம் இரண்டு லிட்டர் ஆவியானால் ஐந்தே நாளில் ஆயிரத்தில் 35 பங்கு இருந்த உப்பு 39ஐத் தொட்டுவிடும். மீன் ஒருவேளை பொறுத்துக்கொள்ளும், பவளம் பொறுக்காது. குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டு வருகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் வெண்மையான எலும்புக்கூடுகளுக்கு இதுதான் பெரும்பாலும் காரணம். குறைந்த தண்ணீரை ஈடுகட்ட உப்பில்லாத தண்ணீரைத்தான் ஊற்றவேண்டும் என்பதைக்கூட ஒரு தொட்டி பாழான பிறகே கற்றுக்கொள்கிறவர்கள் உண்டு. அனுபவசாலிகள் தானாகவே தண்ணீர் நிரப்பும் மிதவைக் கருவி பொருத்திவிடுகிறார்கள்.

வெயில் இந்தியக் கடல்தொட்டியின் முதல் எதிரி. பவளத்துக்கு 24 முதல் 27 டிகிரி செல்ஷியஸ் சுகம். நாக்பூரிலோ டெல்லியிலோ மே மாதத்தில் அறையே 35ஐத் தாண்டுகிறது. பம்பும் விளக்கும் தங்கள் பங்குக்குச் சூடேற்றுகின்றன. தண்ணீர்ப்பரப்பின் மேல் சின்ன மின்விசிறியை ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் ஆவியாவது இன்னும் கூடும். அதற்கு மேல் சில்லர்தான் வழி, அது தொட்டியைவிட விலை அதிகம். மின்வெட்டு வந்தால் வெப்பத்தோடு மூச்சுத்திணறலும் சேர்ந்துகொள்ளும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை அலமாரியில் வைத்திருக்காதவர் இந்த வேலையில் இறங்காமலிருப்பது நல்லது. ஒரு விஷயத்தில் மட்டும் காலம் கைகொடுத்திருக்கிறது. முன்பு பவளத்துக்கு மெட்டல் ஹாலைடு விளக்குகள் தேவைப்பட்டன, அவை அடுப்பு மாதிரி கொதிக்கும். இன்று எல்.இ.டி. அந்த வேலையைக் குறைந்த சூட்டில் முடித்துவிடுகிறது.

பவளத்துக்கு விளக்கு அழகுக்காக அல்ல. பவளம் ஒரு விலங்கு. அதன் திசுவுக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. பாசி ஒளியை உண்டு சர்க்கரை தயாரித்து வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுக்கிறது. தண்ணீர் சூடேறினால் இந்த ஒப்பந்தம் முறிகிறது. பாசி வெளியேற, பவளம் வெளுக்கிறது. 1998லும் 2010லும் 2016லும் இந்தியப் பவளத்திட்டுகளில் நடந்தது இதுதான். 2024ல் லட்சத்தீவு மறுபடி வெளுத்தது. பழுதான சில்லர் வீட்டில் செய்வதைச் சூடான கடல் அங்கே செய்தது.

மீன்தொட்டியில் பவளத்தை உயிரோடு வைக்கலாம் என்பதே நெடுங்காலம் நம்பப்படவில்லை. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து உயிரிகள் ஒட்டிய கல்லைக் கொண்டுவந்து போட்டு, வெறும் காற்றுக்குமிழி விட்டுத் தொட்டியை நடத்திக் காட்டினார். அதை 1961ல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்புப் பத்திரிகையில் எழுதினார். பின்னால் பெர்லினில் இருந்த ஆர்வலர்கள் அந்தக் கல்லோடு கடும் வெளிச்சத்தையும் அழுக்கை நுரையாக்கி வெளியே தள்ளும் புரோட்டீன் ஸ்கிம்மரையும் சேர்த்தார்கள். இன்றும் உலகத்தின் பெரும்பாலான வீட்டுத் தொட்டிகள் அந்த வழியில்தான் ஓடுகின்றன.

இந்தியாவில் அந்த வழி நேராகப் போலீஸ் நிலையத்தில் போய் முடியலாம். 2001 ஜூலையில் மத்திய அரசு பாறை கட்டும் பவளங்கள் அனைத்தையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கு உள்ள அந்தஸ்து. கடல் விசிறி, கறும்பவளம், நெருப்புப் பவளம் ஆகியவையும் அதில் உண்டு. கடல்குதிரையும் கடல் அட்டையும்கூட. இன்றைய சட்டப்படி முதல் அட்டவணை உயிரினத்தின் பேரில் குற்றம் நிரூபணமானால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். கடையில் கிடைக்கிறதே என்ற சமாதானம் நீதிமன்றத்தில் செல்லாது. 'உயிர்க்கல்' என்று விற்கப்படுவதும் பெரும்பாலும் பவளத்தின் எலும்புக்கூடுதான்.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருக்கக் காரணம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டினார்கள். அங்கே 21 தீவுகள் கணக்கில் உண்டு. அவற்றில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. அலைக்குத் தடுப்பாக இருந்த பாறையை எடுத்துவிட்டால் மண் எத்தனை நாள் நிற்கும்? வெளிநாட்டிலிருந்து வரும் மீனுக்கும் களங்கமில்லாத பூர்வீகம் என்று உறுதி சொல்லமுடியாது. பிலிப்பைன்ஸ் கடலில் 1960களிலிருந்தே சயனைடைப் பீய்ச்சி மீன்களை மயக்கிப் பிடித்துவந்திருக்கிறார்கள். அப்படிப் பிடிபட்ட மீன் கடையில் துள்ளலாகத் தெரியும், வீட்டுக்கு வந்த சில வாரங்களில் காரணம் தெரியாமல் சாகும்.

அப்படியானால் இந்தியர் என்னதான் வைத்துக்கொள்ளலாம்? கல்லுக்குப் பதில் துளைகள் நிறைந்த பீங்கான் கல் வந்திருக்கிறது. பாக்டீரியாவுக்கு இந்தக் கல்லும் அந்தக் கல்லும் ஒன்றுதான், குடியேறக் கொஞ்சம் அதிக நாளாகும், அவ்வளவுதான். காளான் பவளம், தோல் பவளம் போன்ற மெத்தென்ற வகைகளை 2001 பட்டியல் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அதனால் அவற்றைக் கடலிலிருந்து பிடுங்கிவரலாம் என்று அர்த்தமில்லை. கடல் தேசியப் பூங்காக்களில் எதைத் தொட்டாலும் குற்றம். ஏற்கெனவே வளர்ப்பவரின் தொட்டியில் பெருகியதை ஒரு துண்டு வாங்குவதுதான் மரியாதையான வழி. அதிலும் பொத்தான் மாதிரி இருக்கும் சில சோயாந்திட்களில் பேலிடாக்ஸின் என்ற பயங்கர விஷம் உண்டு. அவை ஒட்டிய கல்லை வெந்நீரில் போட்டுச் சுத்தம் செய்யப்போய் அந்த ஆவியில் குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் படுத்தவர்கள் வெளிநாடுகளில் உண்டு.

மீன் விஷயத்தில் பேராசை உதவாது. 100 லிட்டரில் ஒரு ஜோடி கோமாளி மீன், இன்னும் ஒன்றிரண்டு சிறுமீன், ஒரு இறால், சில நத்தை. 'நீமோ'வின் தோழி டோரியாக வரும் நீல மீன் ஓர் அடிவரை வளரும், அதை இதில் அடைப்பது கொடுமை. புதிதாக வாங்கியதைச் சில வாரம் தனித்தொட்டியில் வைப்பது அவசியம். வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தாமிரம் கலந்த மருந்து பலிக்கும்தான். ஆனால் அதையே பெரிய தொட்டியில் ஊற்றினால் மீன் பிழைக்கும், இறாலும் பவளமும் மொத்தமாகப் போகும்.

நல்லவேளையாகக் கோமாளி மீனுக்காக இன்று கடலைச் சுரண்டவேண்டியதில்லை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையமும் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் அதைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கின்றன. இந்த மீன் குடும்பத்தில் பெரியது பெண். அது இறந்தால் ஆண் பெண்ணாக மாறிவிடும். ஓட்டிலோ கல்லிலோ நூற்றுக்கணக்கில் முட்டையிட, ஆண் ஒரு வாரம் துடுப்பால் விசிறிக் காவல் காக்கும். சரியாகப் பராமரித்தால் இருபது ஆண்டுக்கு மேல் வாழும், அதாவது தொட்டி வாங்கச்சொல்லி அடம்பிடித்த குழந்தை கல்லூரியை முடித்த பிறகும்.

படங்களில் அது குடியிருக்கும் கடல் சாமந்தியும் வேண்டும் என்று கேட்பார்கள். சின்னத் தொட்டியில் அதை உயிரோடு வைப்பது நிபுணர்களுக்கே சிரமம். அது செத்தால் தண்ணீர் முழுதும் நஞ்சாகும். பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீனில் பல அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தொட்டியில் ஒரு மண்சட்டித் துண்டோ பம்பின் மூலையோ கிடைத்தால் போதும், அதையே வீடாக்கிக்கொண்டு, தண்ணீர் மாற்ற உள்ளே வரும் கையைக் கடித்து விரட்டும்.