நிலவில் 100 மீட்டர் போன வண்டி
கோதவாடிப் பள்ளியும் நாமக்கல் மண்ணும் துணை நின்ற கதை

பாலக்காடு:

வண்டியின் எடை 26 கிலோ. சக்கரங்கள் ஆறு. மூணாறு, பீர்மேடு தோட்டங்களில் கொழுந்து நன்றாக வரும் நாளில் ஒரு பெண் தொழிலாளி சுமந்து வரும் மூட்டையே இதைவிடக் கனக்கும். அவ்வளவு சிறிய வண்டிதான் 2023-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் நிலவின் தென் துருவப் பகுதிக்கு அருகே மண்ணில் தடம் பதித்தது. அதன் பெயர் 'பிரக்யான்'.

சந்திரயான்-3 விண்கலம் 2023 ஜூலை 14-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து புறப்பட்டது. ஆகஸ்டு 23-ந் தேதி மாலை 6.04 மணிக்கு அதன் 'விக்ரம்' கலம் நிலவில் மெதுவாக இறங்கியது. சோவியத் யூனியன், அமெரிக்கா, சீனாவுக்குப் பிறகு இதைச் சாதித்த நான்காவது நாடு இந்தியா. மறுநாள் விக்ரமின் சாய்தளம் வழியாக பிரக்யான் உருண்டு இறங்கியது.

ஆள் இல்லாத வண்டியை 3 லட்சத்து 84 ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஓட்டுவது எப்படி?

'லைன் கிளியர்' கிடைத்தால்தான் பயணம்

ஒற்றைத் தண்டவாளப் பாதையில் 'லைன் கிளியர்' கிடைக்காமல் எந்த ரயிலும் அடுத்த ஸ்டேஷனுக்குப் புறப்படாது. பிரக்யானுக்கும் அதே கட்டுப்பாடுதான். அதன் முன்பக்கக் காமிராக்கள் எதிரே உள்ள தரையைப் படம் பிடிக்கும். பிரக்யான் நேராகப் பூமியோடு பேசாது. படத்தை விக்ரமுக்கு அனுப்பும். விக்ரம் அதைப் பூமிக்கு அனுப்பும்.

பெங்களூரில் விஞ்ஞானிகள் அந்தப் படத்தை வைத்து மேடு பள்ளம் காட்டும் வரைபடம் தயாரிப்பார்கள். எந்த வழியாகப் போவது என்று முடிவு செய்து கட்டளை அனுப்புவார்கள். ஒரு கட்டளைக்கு அதிகபட்சம் ஐந்து மீட்டர். பிறகு மறுபடியும் படம், மறுபடியும் வரைபடம், மறுபடியும் கட்டளை. வேகமோ வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர். எறும்பும் இதைவிட வேகமாகப் போகும்!

இந்த நிதானம் வீண் போகவில்லை. ஆகஸ்டு 27-ந் தேதி வண்டிக்கு மூன்று மீட்டர் முன்னால் நான்கு மீட்டர் அகலப் பள்ளம் ஒன்று தெரிந்தது. வந்த வழியே திரும்பும்படி கட்டளை போயிற்று. பிரக்யான் பத்திரமாக வேறு பாதையில் சென்றது.

செவ்வாயில் இன்னும் சிரமம்

நிலவுக்கு ரேடியோ அலை போய்ச்சேர ஒன்றேகால் வினாடி போதும். செவ்வாய் கிரகத்துக்கு மூன்று நிமிடம் முதல் 22 நிமிடம் வரை ஆகும். 2012-ம் ஆண்டு அமெரிக்காவின் 'கியூரியாசிட்டி' வண்டி செவ்வாயில் இறங்கியபோது, அது தரையைத் தொட்ட செய்தி பூமிக்கு வர சுமார் 14 நிமிடம் பிடித்தது. பள்ளத்தைக் கண்டு இங்கிருந்து 'நில்' என்று சொல்வதற்குள் வண்டி கவிழ்ந்து கிடக்கும். ஆகவே செவ்வாய் வண்டிகளுக்கு வழியைத் தாமே பார்த்துப் போகவும் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள்.

2004-ல் இறங்கிய 'ஆப்பர்சூனிட்டி'க்கு 90 நாள் வேலைதான் கொடுத்தார்கள். அது 2018 வரை உழைத்து 45 கிலோமீட்டர் ஓடியது. இந்தியாவின் மங்கள்யான் 2014 செப்டம்பர் 24-ந் தேதி செவ்வாயை அடைந்தது. ஆனால் அது கிரகத்தைச் சுற்றிவந்த கலம், தரையில் இறங்கவில்லை. வேறொரு மண்ணில் ஓடிய முதல் இந்திய வண்டி பிரக்யான்தான்.

நாமக்கல் தந்த நிலவு மண்

நிலவில் ஓட வேண்டிய வண்டியை முதலில் பூமியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு நிலவு மண் போன்ற மண் வேண்டும். அமெரிக்காவில் இருந்து வாங்கினால் செலவு ஏராளம். நிலவின் மேட்டு நிலங்களில் இருப்பது 'அனார்த்தசைட்' என்ற பாறை. அதே பாறை நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை கிராமங்களில் கிடக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையினர் உதவினார்கள். சுமார் 50 டன் அளவுக்கு அந்த மண் போனது. பெங்களூரில் அதைப் பரப்பித்தான் சக்கரங்களைச் சோதித்தார்கள்.

2019-ல் சந்திரயான்-2 இறங்கும் கடைசி நேரத்தில் தரையில் மோதி, முதல் பிரக்யான் வண்டி ஓடாமலே போயிற்று. நான்கு ஆண்டு கழித்து இரண்டாவது பிரக்யான் ஓடியது. 23 இடங்களில் மண்ணைச் சோதித்தது. கந்தகம் இருப்பதை உறுதி செய்தது. ஆதியில் நிலவின் மேற்பரப்பு முழுவதும் உருகிய பாறைக் குழம்பாக இருந்தது என்ற கருத்துக்கு அதன் சோதனைகள் வலுச் சேர்த்தன. 2024-ல் 'நேச்சர்' இதழில் அந்த முடிவுகள் வெளியாயின.

நிலவில் பகல் 14 நாள். இரவும் 14 நாள். சூரிய ஒளியில் இயங்கிய பிரக்யான், செப்டம்பர் 2-ந் தேதி உறங்க வைக்கப்பட்டது. அதற்குள் 100 மீட்டருக்குச் சற்று அதிகமாகப் போயிருந்தது. கடுங்குளிர் இரவு முடிந்து 22-ந் தேதி எழுப்ப முயன்றார்கள். பதில் இல்லை. ஆனால் கொடுத்த வேலையை அது முன்பே முடித்துவிட்டது.

யார் வீட்டுப் பிள்ளைகள்?

சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். தந்தை தெற்கு ரயில்வேயில் தொழில்நுட்ப ஊழியர். மகன் படித்தது ரயில்வே பள்ளியில். பிறகு பாலிடெக்னிக் டிப்ளமா. அதன் பிறகே பொறியியல் பட்டமும், சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டமும்.

சந்திரயான்-1 திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை நமக்கு அடுத்த ஊர்க்காரர். பாலக்காட்டில் இருந்து மீனாட்சிபுரம் தாண்டிப் பொள்ளாச்சி போனால், கிணத்துக்கடவு பக்கம் இருக்கிறது அவர் பிறந்த கோதவாடி. தந்தை பள்ளி ஆசிரியர். தையல் வேலையும் பார்த்தவர். மகன் பள்ளியில் படித்தது தமிழ் வழியில். சந்திரயான்-2 காலத்தில் இஸ்ரோ தலைவராக இருந்த சிவன், குமரி மாவட்ட விவசாயி மகன். அவரும் தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர். சந்திரயான்-3 காலத்தில் தலைவராக இருந்த சோமநாத் கேரளத்தின் ஆலப்புழை மாவட்டக்காரர்.

சித்தூர், தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தமிழ் வழிப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கு ஒரு கவலை உண்டு. 'மலையாள நாட்டில் தமிழில் படித்தால் பிள்ளை எங்கே போய்ச் சேரும்?' என்பதே அது. நியாயமான கவலைதான். ஆங்கிலமும் மலையாளமும் கூடவே கற்றாக வேண்டும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கணக்கையும் விஞ்ஞானத்தையும் தாய்மொழியில் புரிந்து படித்த பிள்ளை பின்தங்கிவிடும் என்று பயப்படத் தேவையில்லை. அந்தப் பிள்ளை எதுவரை போகலாம் என்பதற்கு, மீனாட்சிபுரத்துக்கு அந்தப் பக்கம் உள்ள கோதவாடியே சாட்சி.