மறதிக்குப் பரிசோதனை வேண்டுமா?

மூப்பு வந்தால் மறதியும் உடன் வரும் என்பது நம் வீடுகளில் வழிவழி வரும் பேச்சு. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெங்கும் தேடும் பாட்டனாரைக் கண்டு பேரப்பிள்ளைகள் நகைப்பதும், அவரும் உடன் நகைப்பதும் நாளும் காணும் காட்சிகள். அத்தகைய மறதியால் எவர்க்கும் கேடில்லை. ஆயின், நகைக்க முடியாத மறதியும் ஒன்று உண்டு. அஃது எம் இல்லத்தினுள் நுழைந்தபோது நாம் பட்ட பாட்டை எழுதுவது, அதே நிலையில் நிற்கும் பிற குடும்பத்தினர்க்குப் பயன்படும் என நம்புகின்றோம்.

எம் தந்தையார் கணித ஆசிரியராயிருந்து இளைப்பாறியவர், வயது 74. வீட்டுக் கணக்கை நாள்தோறும் கொப்பியில் எழுதிவைப்பது அவர் வழக்கம். சென்ற ஆண்டு அக்கொப்பியிற் கூட்டல்கள் பிழைக்கத் தொடங்கின. சொன்ன கதையையே அரைமணி நேரத்துள் மீண்டுஞ் சொன்னார். ஒருநாள் மாலை, தாம் சிறுவயது முதல் சென்றுவரும் கோயிலிலிருந்து வீடு திரும்ப வழி தெரியாது சந்தியிலே நின்றுவிட்டார். அயல்வீட்டுப் பையன் ஒருவன் கைபிடித்து அழைத்துவந்தான்.

அன்றிரவு, அவர் உறங்கிவிட்டார் என்றெண்ணி, வீட்டார் அனைவரும் விறாந்தையிற் கூடினோம். வைத்தியரிடம் காட்டவேண்டும் என்றோம் நாம். எம் தங்கை உடன்படவில்லை. "மாற்ற முடியாத வருத்தமென்றால் அறிந்து என்ன பயன், அண்ணா? ஊரார் விசர் என்பார்கள். பரம்பரை வருத்தம் என்ற கதை கிளம்பினால் என் மகளின் கலியாணம் என்னாகும்?" என்றாள். அம்மானோ, "பிறஷர் பார்க்க என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போவோம். அவருக்கு ஒன்றும் தெரியவேண்டாம்" என்று உபாயம் கூறினார். நாமும் அதற்கு இசைந்தோம். அவ்வேளையில் அறையினுள்ளிருந்து தந்தையாரின் குரல் கேட்டது:

"தம்பி, எல்லாரையும் கேட்டாய். என்னைக் கேட்கவில்லையே."

நாம் நாணித் தலைகுனிந்தோம். யாருடைய நினைவைப் பற்றிப் பேசினோமோ, அவரை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தங்கை எழுப்பிய ஐயங்கள் பொருளற்றவையல்ல. ஆதலின் அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

மறதி நோய் என நாம் வழங்குவதை மேனாட்டு வைத்தியர் டிமென்ஷியா என்பர். அது தனியொரு நோயன்று. நினைவும் சிந்தனையும் அன்றாட வாழ்வைக் குலைக்குமளவுக்குத் தேயும் நிலை. அதற்குக் காரணமான நோய்களுட் பெரும்பான்மையாய்க் காணப்படுவது அல்சைமர் நோய். 1901ஆம் ஆண்டில் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகர வைத்தியசாலையொன்றில் 51 வயதுப் பெண்ணொருவரை அலோயிஸ் அல்சைமர் என்னும் வைத்தியர் பரிசீலித்தார். 1906இல் அப்பெண் இறந்தபின் அவரது மூளையை நுணுக்குக்காட்டியிற் சோதித்து, அங்கிருந்த படிவுகளையும் நரம்புக்கலங்களுள் முறுக்குண்டு கிடந்த நார்களையும் கண்டு, அவ்வாண்டே அறிஞர் கூட்டமொன்றில் எடுத்துரைத்தார். அன்று நோயை உறுதிசெய்ய இறப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று அவ்வாறன்று.

முதியவர் மறக்கின்றார் என்றதும் அல்சைமர் என்று முடிவு கட்டுதலும் தவறு. தைரொயிட்டுச் சுரப்பியின் குறைபாடு, விற்றமின் பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு, தலையில் அடிபட்டதால் மூளையின் மேற்புறத்தே மெல்லத் திரளும் இரத்தம் ஆகியனவும் மறதியையும் மயக்கத்தையும் உண்டாக்கும். இவற்றுட் பல குணப்படுத்தக்கூடியவை. பரிசோதியாது விட்டால், குணமாகக்கூடிய ஒருவரைக் குணமாகாதவர் என நாமே தீர்ப்பிட்டவராவோம்.

குணமாகாத நோயே என்று தெரிந்தால்? அப்போதும் அறிவதால் நன்மையுண்டு. டொனெபெசில் போன்ற மாத்திரைகள் நோயை நிறுத்தாவிடினும் சிலருக்குச் சிறிது காலம் தெளிவு தருகின்றன. 2023இலும் 2024இலும் அமெரிக்காவில் அனுமதிபெற்ற லெக்கனமாப், டொனனமாப் என்னும் புதிய மருந்துகள் நோயின் வேகத்தைச் சற்றே குறைக்கின்றன. ஆயின் அவை தொடக்க நிலையினர்க்கே உரியன. விலை மிக அதிகம். மூளை வீக்கம், இரத்தக்கசிவு ஆகிய ஆபத்துகளும் உள. மருந்தினும் பெரிய நன்மை காலம். காணி உறுதியும் மரணசாசனமும் அறிவு தெளிந்திருக்கும்போது எழுதப்படவேண்டியவை. யாருடன் வாழ்வது, எத்தகைய வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்பனவற்றையும் அவரே சொல்லிவைக்கலாம். காலந் தாழ்த்தினால் அவருக்காகப் பிறர் முடிவு செய்ய நேரும்.

இனிப் பரம்பரை பற்றிய அச்சம். பெற்றோரிடமிருந்து அவற்றைப் பெற்ற பிள்ளைக்கு நோயை ஏறக்குறைய உறுதியாக்கும் மரபணு மாற்றங்கள் மிகச் சில குடும்பங்களிலேயே காணப்படுகின்றன. அவை பெரும்பாலும் இளவயதிலேயே நோயைத் தருவன. ஏபோஇ நான்கு என்னும் மரபணு வகை பலரிடம் உண்டு. அது நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுமேயன்றி விதியாகாது. டி.என்.ஏ. மூலக்கூறின் அமைப்பைக் கண்டு நோபல் பரிசு பெற்றவருள் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007இல் தமது மரபணுத் தொகுதி முழுவதையும் உலகறிய வெளியிட இசைந்தார். ஆனால் அந்த ஒரு மரபணுவின் முடிவைமட்டும் தமக்குந் தெரிவிக்க வேண்டாம் என்றார். நோய்க்குறி எதுவுமில்லாதவர் அறிய மறுப்பது கோழைத்தனமன்று. நாமும் அப்பரிசோதனையை நாடவில்லை. மாறாக, எம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கவனிக்கத் தொடங்கியுள்ளோம். உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகைத்தல், செவிப்புலக் குறைவு முதலான 14 காரணிகளைச் சீர்செய்தால் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பேரின் நோயைத் தடுக்கவோ தாமதப்படுத்தவோ இயலும் என லான்செற் மருத்துவ ஏட்டின் ஆய்வுக்குழு 2024இல் மதிப்பிட்டது.

தந்தையாரிடம் மறுநாட் காலை சென்று மன்னிப்புக் கேட்டு, அவர் விருப்பத்தை வினவினோம். அவர் கூறிய விடை இது: "கணக்குப் பிழைத்தால் எங்கே பிழைத்ததென்று பார்க்கவேண்டாமா? ஆனால் விடையை முதலில் எனக்குத்தான் சொல்லவேண்டும்."

அரசினர் வைத்தியசாலையில் நடந்த பரிசோதனையில் அஞ்சத்தக்கது எதுவுமில்லை. திகதி கேட்டார்கள், சில சொற்களைச் சொல்லிச் சற்றுப் பொறுத்துத் திருப்பிச் சொல்லச் செய்தார்கள், மணிக்கூட்டின் முகத்தை வரையச் சொன்னார்கள். நாற்பது ஆண்டுகள் கேத்திரகணிதம் கற்பித்தவர் எண்களைச் சரியாக இட்டார். முட்களை எங்கே வைப்பதென்று தெரியாது பென்சிலைக் கீழே வைத்தார். பின் இரத்தமும் எடுத்தார்கள்; மூளையைப் படமும் பிடித்தார்கள். விற்றமின் பி12 குறைவு; அதற்கு ஊசி போடலாம். ஆயினும் அதற்கு மேலாக அல்சைமர் நோயின் தொடக்கமும் உளது என்றார் வைத்தியர். அதை அவர் தந்தையாரின் முகத்தைப் பார்த்தே சொன்னார். தந்தையார் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "நல்லது, இனிக் குழம்பத் தேவையில்லை" என்றார்.

அந்த மாதமே நொத்தாரிசை அழைப்பித்து உறுதிகளை முடித்தார். கோயிலுக்குப் பேரனுடன் செல்கின்றார். கணக்குக் கொப்பியை அவனிடமே ஒப்படைத்து, கூட்டும்போது அருகிலிருந்து பார்க்கின்றார். கிளினிக்குக்கு அவரை அழைத்துச் செல்பவள் அன்று மறுத்த எம் தங்கையே. ஊரார் சில நாள் பேசினர்; பின்பு அவர்களுட் சிலர் தத்தம் வீட்டு முதியோரைப் பற்றி எம்மிடம் இரகசியமாய் விசாரிக்கத் தொடங்கினர்.

அவர்கட்கு நாம் கூறுவது இதுவே. வழி தவறுதல், பழகிய கணக்குப் பிழைத்தல், குணம் மாறுதல் ஆகியன தோன்றின் காலந் தாழ்த்தாதீர்கள். ஆனால் பொய் சொல்லி அழைத்துச் செல்லாதீர்கள். மறுத்தால், சில நாள் பொறுத்து மீண்டும் அன்போடு கேளுங்கள்; அதுவரை அடுப்பு, வீதி ஆகிய ஆபத்துகளினின்று காத்துக்கொள்ளுங்கள். நினைவு குறைந்தவர் என்பதனால் அவர் நம் வீட்டுப் பெரியவர் அல்லாதவராகிவிடவில்லை. முதலிற் கேட்கப்படவேண்டியவர் அவரே.