சிமிட்டிக் கல்லும் சுவரின் உறுதியும்

போடிநாயக்கனூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குரங்கணி போன்ற மலையடிவார ஊர்களில், வீட்டுச் செலவில் ஒரு பகுதி வண்டிக்கூலியாகப் போய்விடுகின்றது. ஆகவே உட்குழிவுள்ள சிமிட்டிக் கற்கள் அங்கே பெரிதும் பயன்படும். 400 மில்லிமீட்டர் நீளமும் 200 மில்லிமீட்டர் அகலமும் உயரமும் உள்ள ஒரு கல், ஏழெட்டுச் செங்கற்களின் இடத்தை அடைக்கும். குழிவினால் எடை குறையும்; இணைப்புகள் குறைவதால் சாந்தும் மிச்சமாகும்.

சிமிட்டி 1 பங்கு, மணல் 3 பங்கு, பொடி ஜல்லி 6 பங்கு என்ற அளவில் கலந்து, தண்ணீரை மட்டாகச் சேர்த்து, அச்சில் நன்கு இடித்து வார்த்தல் வேண்டும். மண் கலந்த மணல் ஆகாது.

வார்த்த மறுநாள் முதல் 14 நாட்கள் ஈரம் காயாது காத்தல் வேண்டும். அதன்பின் 4 வாரம் நிழலில் உலர்த்துக. சிமிட்டிக் கல் உலரும்போது சுருங்கும். அச்சுருக்கம் சுவரில் ஏறிய பின் நிகழுமாயின் வெடிப்புத் தோன்றும்; மழைநீர் உட்புகும். இதனாலேயே, செங்கல்லை நனைத்துக் கட்டுவது போல இக்கல்லை நனைத்துக் கட்டலாகாது. சாந்தும் கல்லைவிட வலுத்திருத்தல் கூடாது. வலுத்தால் பிளவு கல்லிலேயே விழும்.

மாசியில் வார்த்த கல் சித்திரையில் கட்டுதற்குத் தகுதி பெறும். ஐப்பசி மழைக்கு முன் சுவரும் முடிந்துவிடும். விலைக்கு வாங்குவோர், வார்த்த தேதியைக் கேட்டறிந்தே வாங்குக. ஊராட்சிப் பணிகளுக்கு வரும் கற்களின் ஒவ்வோர் அடுக்கிலும் அத்தேதியை எழுதி வைக்குமாறு உறுப்பினர்கள் வற்புறுத்துதல் நலம். விரைந்து கட்டிய சுவரைக் காட்டிலும், பொறுத்துக் கட்டிய சுவரே குடும்பத்தைக் காக்கும்.