பாட்டுப் பெட்டிக்குப் புயல் தெரியுமா?

தூத்துக்குடிக்கு வடக்கே உள்ள தருவைகுளம். "தங்கு கடல்" போகும் படகுகள் புறப்படும் நேரம்.

தூத்துக்குடித் துறைமுகத்து விசைப்படகுகள் விடியுமுன் போய் இரவுக்குள் திரும்பிவிடும். தருவைகுளத்துப் படகுகள் அப்படி அல்ல. பல நாள் கடலிலேயே கிடக்கும். ஆகையால் ஏற்ற வேண்டிய சாமான்கள் அதிகம். ஐஸ் ஏறிவிட்டது. டீசல், குடிதண்ணீர், அரிசி, மளிகை எல்லாம் ஏறிவிட்டன. கடைசியாக ஒருவரின் சட்டைப் பையில் ஏறுகிறது ஒரு சின்னஞ்சிறு சாமான். பாட்டுப் பெட்டி!

அது தனிப் பெட்டியாக இருக்கலாம், செல்போனாக இருக்கலாம். எதுவானாலும் அதன் வயிற்றில் நகத்தளவு மெமரி கார்டு ஒன்று உண்டு. அதற்குள் ஆயிரம் பாட்டுகள் அடங்கிக் கிடக்கும். வலையை விட்டுவிட்டுக் காத்திருக்கும் இரவில், சுற்றிலும் இருட்டும் தண்ணீருமாக இருக்கும்போது, அந்தப் பெட்டிதான் துணை.

எத்தனை பாட்டு வேண்டுமானாலும் அது பாடும். ஆனால், "புயல் வருகிறது, திரும்பு" என்று ஒரு வார்த்தை சொல்லுமா? சொல்லாது. கரையில் இருந்த கம்ப்யூட்டர் எதை அதற்குள் வைத்ததோ, அதுதான் அதற்குத் தெரியும்.

இதே கடலில் முன்பு பாடிய பெட்டி வேறு விதமானது.

தோணியில் வந்த குரல்

1947-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. 1954-ல் அதைக் கொண்டு செய்த சட்டைப்பை ரேடியோ அங்கே கடைக்கு வந்தது. அதன் பிறகு ரேடியோவுக்குச் சுவரும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. பாட்டரி இருந்தால் போதும். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போன தூத்துக்குடித் தோணிகளுக்கு அது எப்பேர்ப்பட்ட சௌகரியம்!

இந்தக் கரையில் இலங்கை வானொலி பக்கத்து வீட்டுப் பாட்டு மாதிரிக் கேட்கும். அதற்குக் காரணம் உண்டு. ரேடியோவின் மத்திய அலை, நிலத்தைவிட உப்புத் தண்ணீரின் மேல் சுலபமாக ஓடும். கடல்நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், நிலத்தில் சீக்கிரமே களைத்துப்போகும் அலை கடலில் நெடுந்தூரம் போய்விடுகிறது. பின்னாளில் ஆகாசவாணி தூத்துக்குடியிலேயே 200 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பியை நிறுவியது.

வானிலை கேட்பதற்காக டிரான்சிஸ்டர் வாங்கியவர் அநேகமாக யாரும் இருக்க மாட்டார். பாட்டுக்காகத்தான் வாங்கினார்கள். ஆனால் பாட்டுக்கு நடுவே செய்தி வந்தது. செய்தியோடு வானிலை வந்தது. "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்ற அறிவிப்பும் கூடவே வந்தது. கேட்கப் பிரியம் இல்லாதவர் காதிலும் அது விழுந்தே தீரும்!

பாட்டு ஏற்றிய கடை

1979-ல் ஜப்பானின் சோனி கம்பெனி "வாக்மேன்" பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. காசெட் போட்டால் பாடும். அடுத்து ஜெர்மனியின் பிரான்ஹோபர் நிறுவன விஞ்ஞானிகளும் அவர்களோடு உழைத்தவர்களும் எம்.பி.3 முறையை உருவாக்கினார்கள். படகில் எஞ்சின் உறுமும்போது பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பது காதில் விழாது அல்லவா? அதுபோலப் பெரிய ஒலிக்குள் மறைந்துபோகும் சிறிய ஒலிகளை எம்.பி.3 கழித்துவிடுகிறது. சி.டி.யில் ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 10 மெகாபைட் இடம் வேண்டும். எம்.பி.3-ல் சுமார் 1 மெகாபைட் போதும். 4 நிமிடப் பாட்டுகள் ஆயிரத்தை 4 ஜிகாபைட் கார்டில் அடைத்துவிடலாம்.

1998-ல் கொரியாவிலிருந்து முதல் எம்.பி.3 பெட்டி வந்தது. 2001 அக்டோபரில் ஆப்பிள் கம்பெனியின் "ஐபாட்" வந்தது. ஐபாட் கொஞ்சம் மாமியார் குணம் கொண்டது. ஆப்பிளின் சொந்த மென்பொருள் வழியாகப் போகாத பாட்டை அது பாடாது. கடற்கரையில் பிழைத்தவை விலை மலிந்த சீனப் பெட்டிகளும் மெமரி கார்டுகளும்தான். கம்ப்யூட்டரில் சொருகினால், இன்னொரு டப்பா கிடைத்தது என்று அது எடுத்துக்கொள்ளும். இந்த டப்பாவிலிருந்து அந்த டப்பாவுக்குக் கொட்ட வேண்டியதுதான் பாக்கி.

அதற்கென்றே கடைகள் இருந்தன. செல்போன் பழுது பார்க்கும் கடையில் மூலையில் ஒரு கம்ப்யூட்டர். "பழைய பாட்டா, புதுப் பாட்டா?" என்று ஒரு கேள்வி. சில பத்து ரூபாயில் கார்டு நிறைந்துவிடும். (பாட்டின் சொந்தக்காரருக்கு அதில் ஒரு பைசாவும் போகவில்லை என்பது வேறு கதை.)

ஒயரை வெடுக்கென்று பிடுங்கினால் சில சமயம் கார்டு கெட்டுவிடும். எழுதி முடித்ததாகத் திரை சொன்ன பிறகும், கம்ப்யூட்டர் கொஞ்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிற்பாடு எழுதும். "பத்திரமாக அகற்று" என்று உத்தரவு கொடுத்துவிட்டு எடுப்பதே சரி. கடல்காரர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. உப்பு ஈரம், ஒயர் சொருகும் துவாரத்தை அரித்துவிடும். துடைத்து உலர்த்தி, பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்தால் பெட்டி நெடுநாள் உழைக்கும்.

இப்படி டிரான்சிஸ்டரின் இடத்தில் மெமரி கார்டு வந்து உட்கார்ந்தது. சில பெட்டிகளில் எப்.எம். ரேடியோவும் உண்டு. காதில் மாட்டும் ஒயர்தான் அதற்கு ஏரியல். ஆனால் எப்.எம். அலை மத்திய அலையைப்போல் கடலோடு ஒட்டி ஓடாது. கரை மறைந்து கொஞ்ச தூரத்தில் அதுவும் மறைந்துவிடும்.

ஒரு கயிற்றின் கதை

முத்துக் குளித்த காலத்தில் மூழ்குபவருக்கும் படகுக்கும் இடையே ஒரே தொடர்பு கயிறு. மேலே கயிற்றைப் பிடிப்பவர் மச்சானாக இருக்க வேண்டும் என்பார்கள். தங்கை தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டாராம்! தூத்துக்குடிக் கடலில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. ஆழத்துக்குப் போகிறவருக்கும் மேலே இருப்பவருக்கும் நடுவே ஒரு கயிறு வேண்டும் என்ற தேவை மட்டும் தீரவில்லை.

2017-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி அது ஊருக்கே தெரிந்தது. முதல் நாள் இலங்கைக்கு அருகே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே "ஒக்கி" புயலாகிக் குமரிக் கடலில் சீறியது. கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களிலிருந்து பலர் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டிருந்தார்கள். செல்போன் கோபுரம் எட்டாத தூரம். கரையில் சொன்ன எச்சரிக்கை கடலுக்குப் போய்ச் சேரவில்லை. தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பி வரவில்லை.

டிரான்சிஸ்டர் இருந்திருந்தால் எல்லாரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. புயல் திரண்ட வேகம் அப்படி. ஆனால் காதுள்ள பெட்டி ஒன்று படகுக்குத் தேவை என்பதை அதற்குப் பிறகு யாரும் மறுக்கவில்லை.

பெட்டிக்குக் காது வந்தது

கம்ப்யூட்டரைக் கடற்கரைக்குப் பயன்படுத்தும் யோசனை புதிதல்ல. 1998-ல் தொடங்கி, புதுவைப் பக்கத்து வீராம்பட்டினத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையம் அதைச் செய்து காட்டியது. அமெரிக்கக் கடற்படையின் இணையப் பக்கத்திலிருந்து அலையின் உயரத்தை எடுத்து, கிராமத்துப் பெண்கள் ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். கரையில் நிற்பவருக்கு அது போதும். கடலுக்குள் இருப்பவருக்கு?

2019 அக்டோபரில் அதற்கு விடையாக வந்தது "ஜெமினி". ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து கொண்டுவந்த கையடக்கப் பெட்டி அது. ஆகாய விமானங்களுக்கு வழிகாட்ட ஏற்பட்ட "ககன்" அமைப்பின் செயற்கைக்கோள்கள் சுமார் 36 ஆயிரம் கிலோமீட்டர் உயரத்திலிருந்து செய்தி அனுப்பும். பெட்டி அதை வாங்கி, ஒயர் இல்லாமலே புளூடூத் வழியாகச் செல்போனுக்குக் கொடுக்கும். புயல், அலை, மீன் கிடைக்கும் இடம் எல்லாம் திரையில் வரும். செல்போன் கோபுரம் வேண்டியதில்லை. பாட்டுக்காகக் கொண்டுபோன அதே செல்போன்தான்!

அதில் ஒரு குறை. ஜெமினிக்குக் காது உண்டு, வாய் கிடையாது. "காப்பாற்றுங்கள்" என்று அதன் வழியாகச் சொல்ல முடியாது. அந்தக் குறையைத் தீர்க்க இருவழியிலும் பேசும் கருவியை இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. அதை 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30-ந் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. ஆபத்து என்றால் படகிலிருந்தே செய்தி கரைக்குப் போகும்.

செல்போனில் சார்ஜ் இருந்தால்தான் ஜெமினி சொல்வது திரையில் தெரியும். விடிய விடியப் பாட்டுக் கேட்டால் பாட்டரி தீர்ந்துவிடும். எனவே தங்கு கடல் போகிறவர்கள் இரண்டு போன் எடுத்துப் போவது நல்லது. ஒன்று பாடட்டும், மற்றது காது கொடுத்துக் கொண்டிருக்கட்டும்.