விஷச் சாராயம்: விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்

அசாம் மாநிலத்தில் தேயிலைத் தோட்டங்கள் நிறைய உண்டு. அங்கே கோலாகாட், ஜோர்காட் மாவட்டங்களில் 2019 பிப்ரவரி மாதம் தோட்டத் தொழிலாளர்கள் கள்ளச்சாராயம் குடித்தார்கள். ஆண்களும் குடித்தார்கள், பெண்களும் குடித்தார்கள். 150 பேருக்கு மேல் இறந்து போனார்கள்.

2015 ஜூன் மாதம் மும்பை நகரில் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 ஜூன் மாதம் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள்.

மூன்று இடத்திலும் உயிரைக் குடித்தது ஒரே விஷம். அதன் பெயர் மெத்தனால்.

மெத்தனால் என்றால் என்ன?

இது தொழிற்சாலையில் பயன்படும் ஒரு திரவம். வார்னிஷ் போன்ற பொருள்கள் செய்ய உதவுகிறது. குடிப்பதற்கு உரியது அல்ல. ஆனால் பார்வைக்கும் வாசனைக்கும் சாராயம் போலவே இருக்கும். விலை குறைவு. அதனால் லாபத்துக்கு ஆசைப்பட்டு இதைச் சாராயத்தில் கலக்கிறார்கள். முகர்ந்து பார்த்தோ, ருசி பார்த்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

நம் ஈரல் மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. எறும்பு கடித்தால் சுரீர் என்று எரிகிறது அல்லவா? சில வகை எறும்புகளின் விஷத்தில் இருப்பதும் இதே அமிலம்தான். அது ரத்தத்தில் சேர்ந்தால் கண் நரம்பு கெடுகிறது. மூச்சுத் திணறுகிறது. சுமார் இரண்டு தேக்கரண்டி மெத்தனால் பார்வையைப் பறிக்கப் போதும்.

ஏன் பலர் ஏமாந்து போகிறார்கள்?

இந்த விஷம் உடனே வேலையைக் காட்டாது. பலருக்கு 12 முதல் 24 மணி நேரம் கழித்தே தெரியும். தலைவலி, வயிற்றுவலி, வாந்தி வரும். கண் முன்னே பனி மூடியது போல் இருக்கும். “போதை இன்னும் தெளியவில்லை, தூங்கட்டும்” என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்தத் தூக்கத்திலேயே உயிர் போய்விடுகிறது.

என்ன செய்ய வேண்டும்?

உடனே 108 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு கொடுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். கள்ளச்சாராயம் குடித்ததை டாக்டரிடம் மறைக்காதீர்கள். சொன்னால்தான் சரியான மருந்து கொடுக்க முடியும். தேவையானால் இயந்திரம் மூலம் ரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள். சீக்கிரம் போனால் உயிரையும் கண்ணையும் காப்பாற்ற வழி உண்டு. கூடக் குடித்தவர்கள் நன்றாக இருப்பது போல் தெரிந்தாலும் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

கடையில் விற்கும் மது நல்லதா?

இல்லை. அது மெல்ல மெல்லக் கெடுக்கும். ஈரல் சுருங்கும். வாய், தொண்டை, ஈரலில் புற்றுநோய் வரலாம். கூலிப் பணமும் போய்விடும்.

பல வருடம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். டாக்டரின் உதவியோடு நிறுத்துவதே நல்லது. யோசனை கேட்க 14446 என்ற எண் இருக்கிறது. இதற்குக் கட்டணம் இல்லை.

108, 14446. இந்த இரண்டு எண்களையும் உங்கள் கையாலேயே பெரிதாக எழுதி, வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் எழுதிக் கொடுங்கள்.