முன்வரிசைக்கு வந்த மந்தர ஸ்தாயி

கோலார் தங்கவயலில், வெள்ளைக்கார அதிகாரிகளின் கிளப்பில் நடன வாத்தியங்கள் முழங்கிய காலத்தில், சுரங்கத்தில் இறங்கிப் பொன் எடுத்த தமிழன் அந்த வாசலை விருந்தாளியாக மிதிக்க இயலாதிருந்தது. ஆகையால், ஜாஸ் சங்கீதத்தில் பாஸ் வாசித்துப் பிரசித்தி பெற்ற யூஜீன் ரைட் என்ற கறுப்பின வித்வானின் சரித்திரம், அந்தத் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைவாசிகளுக்கு அதிக வியாக்கியானமின்றியே விளங்கும்.

ஜாஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்து, நம் வித்வான்களின் கற்பனை ஸ்வரத்தைப்போல மேடையிலேயே மனோதர்மத்தை விரித்துச் செல்லும் சங்கீதம். ஆள் உயரத்துக்கு நிற்கும் டபிள் பாஸின் நான்கு தடித்த தந்திகளை விரலால் மீட்டுகிறவர், பியானோவும் சாக்ஸபோனும் எத்தனை தூரம் சஞ்சரித்தாலும், தாளத்தின் நடையையும் ஸ்வரக் கூட்டின் அடித்தளத்தையும் மந்தர ஸ்தாயியில் ஒருங்கே தாங்குகிறார். ரசிகர் அவரைக் கவனிப்பது அபூர்வம். அவர் கை நின்றாலோ கச்சேரியே தடுமாறும்.

1923இல் சிகாகோவில் பிறந்த ரைட், முதலில் கார்னெட் ஊதி, பின்னர் பெரும்பாலும் தம் முயற்சியாலேயே பாஸ் பயின்று, இளமையிலேயே சொந்தக் குழு நடத்தியவர். கவுண்ட் பேஸி போன்ற பெரியவர்களுடனும் வாசித்தவர். 1958இல் பியானோ வித்வான் டேவ் புருபெக்கின் நால்வர் குழுவில் சேர்ந்தார். மற்ற மூவரும் வெள்ளையர்.

அவ்வாண்டு பிப்ரவரியில், வட கரோலினாவின் ஈஸ்ட் கரோலினா கல்லூரியில், கறுப்பினத்தவர் மேடையேறலாகாது என்று அதிகாரிகள் தடுத்தனர். ரைட் இல்லாமல் வாசிப்பதில்லை என்று புருபெக் மறுத்துவிட்டார். காத்திருந்த மாணவர்கள் பொறுமையிழந்து காலால் தரையை உதைத்து ஆரவாரிக்கவே, ரைட் பின்னால் ஒதுங்கி நிற்கவேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. கச்சேரி நடுவே புருபெக், "உமது மைக் வேலை செய்யவில்லை, முன்னால் வந்து என் மைக்கில் வாசியும்" என்ற பொருள்பட அழைத்து, எல்லோருக்கும் முன்னே அவரைத் தனியாக வாசிக்க வைத்தார். அந்த யுக்தியை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

சில வாரங்களுக்குள், அதே மனிதரை அமெரிக்க அரசாங்கம் தன் கலாசாரத் தூதர்களில் ஒருவராக உலகத்துக்கு அனுப்பியது! போலந்து, துருக்கி, இலங்கை என்று சென்ற அந்தப் பிரயாணத்தில் சென்னையும் இடம்பெற்றது. பழநி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைக் குழுவினர் கேட்டு வியந்ததும் அங்கேதான். வெளிநாட்டில் தூதர் என்ற மரியாதையும் உள்நாட்டில் தீண்டாமையும் ஒரே மனிதருக்கு வாய்த்தது கொடுமை. 1960இல் அமெரிக்கத் தென் மாகாணக் கல்லூரிகளுக்கென ஏற்பாடான 25 கச்சேரிகளில் பெரும்பாலானவை, ரைட்டை நீக்க மறுத்த காரணத்தாலேயே நின்றுபோயின. பண நஷ்டத்தைக் கருதாமல் புருபெக் உறுதியாக நின்றார்.

குழு 1967இல் கலைந்தபின் பியானோ வித்வான் மான்டி அலெக்சாண்டருடனும் வாசித்த ரைட், நால்வரில் கடைசியாக, 2020 டிசம்பர் 30 அன்று, 97ஆம் வயதில் காலமானார்.

அவரைக் கேட்க விரும்புவோர் 1959இல் பதிவான 'டேக் ஃபைவ்' உருப்படியிலிருந்து தொடங்கலாம். நம் கண்ட சாபுவைப்போல ஐந்து எண்ணிக்கை. ஆனால் மூன்று முன்னும் இரண்டு பின்னுமாக. பால் டெஸ்மண்டின் சாக்ஸபோன் மோகனமாகத்தான் இழுக்கும். முதல் தடவை அதை விட்டுவிட்டு, அடியில் நடக்கும் பாஸை மட்டும் பின்தொடருங்கள். ஜோ மோரெல்லோ டிரம்ஸில் தனி ஆவர்த்தனம் செய்து தாளத்தைக் கலைத்து விளையாடும் பகுதியில், அந்த ஐந்தை விரலால் எண்ணிப் பாருங்கள்.